ஒரே பள்ளத்தாக்கில் தங்குங்கள்: குளிர்கால ஒலிம்பிக்கை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு

2018 பிப்ரவரி 10, இரவு பன்னிரண்டு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. தென்கொரியாவின் பியோங்சாங்கில், அல்பென்சியா ஸ்கி ஜம்ப் அரங்கில் நானும் அக்காவும் நின்றுகொண்டிருந்தோம். ஆண்களுக்கான நார்மல் ஹில் (இரண்டு குதிமேடைகளில் சிறியதில் நடப்பது) போட்டியின் இரண்டாவது சுற்று. காற்று அடங்கவே இல்லை. சுவிட்சர்லாந்தின் சிமோன் அம்மான் மேலே கம்பியில் வந்து உட்காருவார், குதிக்க அனுமதி கிடைக்காது, எழுந்து ஒதுங்குவார், மறுபடி வந்து உட்காருவார். எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டோம். கேலரியில் இருந்தவர்கள் கும்பல் கும்பலாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். என் கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை.

"போயிடலாமா?" என்றாள் அக்கா.

"இன்னும் அஞ்சு பேர்தான்க்கா."

இரண்டாவது சுற்றில் பின்தங்கியிருப்பவர்தான் முன்னால் குதிப்பார். அந்த ஐந்து பேரில் முதலாவது ஆள், முதல் சுற்றில் ஐந்தாம் இடத்தில் இருந்த ஜெர்மனியின் ஆந்த்ரேயாஸ் வெல்லிங்கர். அவர் பறந்து இறங்கிய தூரத்தைப் பார்த்ததும் மிச்சமிருந்த கூட்டம் கத்தியது. அவருக்குப் பின்னால் குதித்த நால்வராலும் அவரைத் தாண்ட முடியவில்லை. தங்கம். அறைக்கு வந்து சேரும்போது மணி மூன்று. மறுநாள் காலை பதினொரு மணிக்கு டவுன்ஹில் (செங்குத்துச் சரிவில் ஸ்கியில் வேகமாக இறங்கும்) பந்தயத்துக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தோம்.

அந்த ஒரு பயணத்திலும், இரண்டு வருஷம் கழித்து இத்தாலிக்குப் போன இன்னொரு பயணத்திலும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். கோடைக்கால ஒலிம்பிக்கைப் பார்த்த பழக்கத்தில் குளிர்கால ஒலிம்பிக்குக்குத் திட்டம் போட்டால் பாதி நாள் பஸ்ஸில் போகும், மீதிப் பாதி குளிரில் போகும். எதைப் பார்ப்பது என்பதைக் காட்டிலும் எங்கே தங்குவது, காலில் என்ன போடுவது என்ற இரண்டும்தான் உங்கள் பயணத்தை முடிவு செய்யும்.

முதலில் வரைபடத்தை எடுங்கள்

குளிர்கால ஒலிம்பிக் ஒரே ஊரில் நடப்பதில்லை. ஐஸ் ஹாக்கிக்கும் ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கும் பெரிய மூடிய அரங்கம் வேண்டும். அதற்கு நகரம் வேண்டும். டவுன்ஹில்லுக்கு உயரமான செங்குத்து மலை வேண்டும். பயாத்லானுக்கும் (ஸ்கியில் ஓடி, இடையிடையே துப்பாக்கியால் சுடுவது) கிராஸ் கன்ட்ரிக்கும் (பனிப்பாதையில் ஸ்கியில் ஓடுவது) ஏற்ற இறக்கமான காட்டுப் பாதை வேண்டும். இவையெல்லாம் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம்.

பியோங்சாங்கில் இது ஓரளவு சுலபமாக இருந்தது. ஐஸ் விளையாட்டுகள் கடற்கரை நகரமான கங்னுங்கில், பனி விளையாட்டுகள் மலையில். இரண்டுக்கும் நடுவே தூரம் அதிகமில்லை. 2026 மிலானோ கொர்தினா போட்டிகளின் வரைபடத்தைப் பாருங்கள். ஹாக்கியும் ஸ்கேட்டிங்கும் மிலானில். பெண்கள் ஆல்பைன் (டவுன்ஹில் போன்ற மலைச்சரிவுப் பந்தயங்கள்), கர்லிங் (பனிக்கட்டித் தரையில் கல்லைச் சறுக்கி இலக்குக்கு அனுப்பும் ஆட்டம்), பாப்ஸ்லே (குழுவாக உட்கார்ந்து போகும் சறுக்கு வண்டி) எல்லாம் கொர்தினாவில். ஆண்கள் ஆல்பைன் போர்மியோவில், ஸ்னோபோர்டு லிவின்யோவில், பயாத்லான் அன்தெர்செல்வாவில், ஸ்கி ஜம்ப் பிரதாஸ்ஸோவில், கிராஸ் கன்ட்ரி தெசெரோவில், நிறைவு விழா வெரோனாவின் பழைய ரோமானிய அரங்கில். மிலானிலிருந்து கொர்தினாவுக்குச் சாலை வழி ஏறக்குறைய 400 கிலோமீட்டர். கொர்தினாவில் ரயில் நிலையமே கிடையாது. கலால்ட்ஸோ வரை ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். போர்மியோவுக்கும் லிவின்யோவுக்கும்கூட ரயில் இல்லை. 'காலையில் ஸ்கி, சாயங்காலம் ஹாக்கி' என்று காகிதத்தில் எழுதலாம். மலைப்பாதை அதற்குச் சம்மதிக்காது.

அதனால் என் முதல் ஆலோசனை: எந்தப் போட்டி என்று முடிவு செய்யும் முன்னால் எந்தப் பள்ளத்தாக்கு என்று முடிவு செய்யுங்கள். நான்கு நாளோ ஐந்து நாளோ அதே பள்ளத்தாக்கில் தங்குங்கள். அங்கே என்ன நடக்கிறதோ அதைப் பாருங்கள். இன்னொரு பக்கம் ஆசை இருந்தால் நடுவில் ஒரு முழு நாளைப் பயணத்துக்கென்றே ஒதுக்கிவிட்டு அடுத்த இடத்துக்கு மாறுங்கள். 2030 போட்டிகள் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப்பகுதிக்குப் போகின்றன. அங்கேயும் இடங்கள் பரவலாகத்தான் இருக்கும், இதே கணக்குதான்.

தங்குமிடத்தைப் பதிவு செய்யும்போது அரங்கத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்க்காதீர்கள். ஷட்டில் பஸ் ஏறும் இடத்துக்கு நடந்து போக முடியுமா என்று பாருங்கள். போட்டி நாட்களில் மலைச் சாலைகளைத் தனியார் வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். அனுமதிச் சீட்டு இல்லாத டாக்ஸி பாதி வழியில் இறக்கி விட்டுவிடும். எங்களை ஒருநாள் அப்படித்தான் இறக்கிவிட்டார்கள். சாலையோரப் பனியில் முக்கால் மணி நேரம் நடந்தோம்.

ஒரு நாளைக்கு ஒரு போட்டி போதும். இரண்டு பார்த்தே ஆக வேண்டுமென்றால் இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

நேரில் பார்க்க எது நல்லது

டிவியில் பிரமாதமாக இருப்பதெல்லாம் நேரில் அப்படியே இருக்காது. டவுன்ஹில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தயம் இரண்டு நிமிடத்துக்குச் சற்று முன்னே பின்னே ஓடும். கேலரியிலிருந்து உங்கள் கண்ணுக்குத் தெரிவது கடைசிச் சில வளைவுகளும் முடிவுக்கோடும்தான். மற்றதெல்லாம் பெரிய திரையில். ஆனாலும் ஒரு தடவையாவது போகலாம் என்றுதான் சொல்வேன். மணிக்கு 120, 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஆள் பனிக்கட்டியைக் கீறிக்கொண்டு வரும் சத்தம் டிவியில் வராது. சரிவின் ஓரத்தில் நிற்க வழியிருந்தால் அங்கே போய் நில்லுங்கள். டவுன்ஹில்லுக்கு முந்தைய நாட்களில் பயிற்சி ஓட்டங்கள் உண்டு. உலகக் கோப்பைப் பந்தயங்களில் அவற்றை நெரிசலில்லாமல் பார்க்கலாம்.

லூஜ் (மல்லாந்து படுத்து, கால் முன்னால் இருக்கப் பனிக்கட்டிப் பாதையில் சறுக்குவது) இதைவிட வேகம். சறுக்கு வண்டி உங்கள் முன்னால் வந்து போக ஒரு விநாடி. முதலில் ஒரு அதிர்வு கேட்கும், தலையைத் திருப்புவதற்குள் போய்விடும். இதற்குப் போய் என்ன பார்ப்பது என்று தோன்றலாம். ஆனால் இந்தப் பாதைகளில் பெரும்பாலும் நின்று பார்க்கும் டிக்கெட்தான். வளைவுக்கு வளைவு நடந்து போகலாம். அல்பென்சியாவின் சறுக்குப் பாதையில் ஒன்பதாவது வளைவு பேர் போனது. அதிலிருந்து வெளியே வரும்போது வண்டி ஒழுங்காகத் திரும்பாவிட்டால் சுவரில் தட்டும். பிப்ரவரி 11 இரவு அதன் பக்கத்தில் போய் நின்றோம். மூன்று சுற்றுகள் முடிந்தபோது முதலிடத்தில் இருந்த ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் லோக் கடைசிச் சுற்றில் அதே இடத்தில் தடுமாறினார். வண்டி ஒரு கணம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். அவர் ஐந்தாம் இடத்துக்குப் போக, ஆஸ்திரியாவின் டேவிட் கிளைர்ஷருக்குத் தங்கம். எந்த வளைவு சிக்கலானது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் லூஜ் போல ஒரு விளையாட்டு கிடையாது. பயிற்சி நாட்களில் எங்கே அதிகம் பேர் தட்டுகிறார்கள் என்ற செய்தியைப் படியுங்கள், போதும்.

ஸ்கி ஜம்ப்புக்கு எங்கே நிற்பது என்பது முக்கியம். அடிவாரத்தில் நின்றால் வீரர் உங்களை நோக்கி வந்து நிற்பார், முகம் தெரியும். தரையிறங்கும் சரிவின் பக்கத்தில், கே பாயின்ட் கோட்டுக்கு (தூரத்துக்கான புள்ளிகளைக் கணக்கிட அடிப்படையாகக் குறித்த கோடு) அருகே நின்றால் அவர் பறப்பது தெரியும், காற்றைக் கிழிக்கும் சத்தமும் கேட்கும். இரண்டாவதுதான் என் விருப்பம். தகுதிச் சுற்று நாளுக்குப் போனால் கூட்டம் குறைவு, நல்ல இடம் கிடைக்கும்.

முதல் தடவை போகிறவர் என்னிடம் ஒரே ஒரு போட்டியைச் சொல்லுங்கள் என்று கேட்டால், யோசிக்காமல் பயாத்லான் என்பேன். 2020 பிப்ரவரியில் உலக பயாத்லான் சாம்பியன்ஷிப்புக்காக நானும் அக்காவும் அன்தெர்செல்வாவுக்குப் போயிருந்தோம். இத்தாலியின் தென் டிரோல் பகுதி, ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரம். அங்கே கேலரிக்கு நேர் எதிரே சுடும் களம். ஐம்பது மீட்டர் தூரத்தில் ஐந்து கருப்பு வட்டங்கள். படுத்துச் சுடும்போது 45 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் பட வேண்டும், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். பட்டால் கருப்பு வெள்ளையாக மாறிவிடும், வெறும் கண்ணுக்கே தெரியும். தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. அதுவும் உங்கள் கண் முன்னாலேயே. வீரர் இருதயம் படபடக்கப் பனியில் ஓடி வந்து, மூச்சை அடக்கித் துப்பாக்கியைத் தூக்குவதை அங்கிருந்தே பார்க்கலாம்.

அந்தப் பள்ளத்தாக்கிலேயே வளர்ந்தவர் டொரோத்தியா வியரர். பிப்ரவரி 16 அன்று பர்சூட் (முந்தைய பந்தயத்தின் நேர இடைவெளியோடு புறப்பட்டுத் துரத்தும்) பந்தயத்தில் அவர் கடைசிச் சுடுதலுக்கு வந்து நின்றார். அவ்வளவு நேரம் மாட்டு மணிகளை ஆட்டிக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அமைதியாயிற்று. பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு சத்தம். பட்டால் எல்லோரும் ஒரே குரலில் கத்துவார்கள், தவறினால் பெருமூச்சு. கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் என்ன நடக்கிறதென்று காதாலேயே தெரிந்துகொள்ளலாம். அன்று அவருக்குத் தங்கம். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி முன்பின் தெரியாத அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார்.

கிராஸ் கன்ட்ரிக்குப் போனால் முதலில் ஸ்பிரின்ட்டை (குறுகிய தூரப் பந்தயம்) தேர்ந்தெடுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஆறு பேர், சில நிமிடங்களில் முடிவு, அடுத்த ஓட்டம். இரண்டு மணி நேரத்தில் சாம்பியன் யாரென்று தெரிந்துவிடும். நீண்ட தூரப் பந்தயமென்றால் பாதையோரம் நிற்பதுதான் சுகம், குறிப்பாக ஏற்றத்தில். அங்கே அவர்கள் வேகம் குறையும், மூச்சு வாங்குவது கேட்கும். ஒரே வளையத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் பல தடவை பார்க்கலாம்.

அரங்கத்துக்குள் நடப்பவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிரில் இரண்டு நாள் நின்றவர்களுக்கு மூன்றாவது நாள் கர்லிங் நல்ல மருந்து. கிட்டத்தட்ட இருபது கிலோ கல், நான்கு ஆட்டம் ஒரே நேரத்தில், இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். ஷார்ட் டிராக்கில் (சிறிய வளையத்தில் நெருக்கியடித்துச் சறுக்கும் வேகப் பந்தயம்) கண் இமைக்கக் கூடாது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போது எழுந்து நடக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள்.

டிக்கெட், விசா

ஒலிம்பிக் டிக்கெட்டை அதிகாரபூர்வத் தளத்திலும் அவர்களே நடத்தும் மறுவிற்பனைத் தளத்திலும் மட்டும் வாங்குங்கள். வேறு எங்கே வாங்கினாலும் வாசலில் செல்லாமல் போகலாம். தொடக்கத்தில் கிடைக்காவிட்டால் மனதை விட்டுவிட வேண்டாம். போட்டி நெருங்க நெருங்க, வர முடியாதவர்கள் மறுவிற்பனைக்கு விடுவார்கள். லூஜ் டிக்கெட் எங்களுக்கு அன்று மதியம்தான் கிடைத்தது.

ஷெங்கன் விசா (இத்தாலி, பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) தேவைப்படுகிறவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். அந்தக் கடைசி வரம்பை நம்பி உட்காராதீர்கள். டிக்கெட் கையில் இருப்பதால் விசா கிடைத்துவிடும் என்றும் இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். நீங்களும் ஒரு நாள் பனியில் சறுக்கிப் பார்க்கலாம் என்றிருந்தால், அந்தக் காப்பீடு சறுக்கு விபத்துக்கும் மலை மீட்புக்கும் செல்லுமா என்று தனியாகக் கேளுங்கள்.

கால்

ஜாக்கெட்டுக்குச் செலவு செய்யத் தயாராக இருப்பவர்கள் காலைக் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை. பியோங்சாங் மலைப்பகுதி ஏறக்குறைய 700 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும். மேலே காற்று வேறு. கங்னுங்கில் கடற்கரையில் நடக்கும்போது தாங்கக்கூடியதாக இருந்த குளிர் அல்பென்சியாவில் எலும்பில் ஏறியது.

விளையாடுகிறவர்களுக்கு உடம்பு சூடாகிவிடும். பார்க்கிறவர் மூன்று மணி நேரம் அசையாமல் நிற்கிறார். உடம்புச் சூடு பாதத்தின் வழியாகப் பனிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அன்று நான் போட்டிருந்தது விலை கூடிய பூட்ஸ்தான், என் அளவுக்குக் கச்சிதமானது. அதற்குள் மூன்று ஜோடி சாக்ஸ். தப்பே அங்குதான். இறுக்கமான ஷூவில் இரத்தம் ஓடாது, சூட்டைப் பிடித்து வைக்கக் காற்றுக்கும் இடம் இருக்காது. இரண்டாவது பயணத்துக்கு ஒரு அளவு பெரிய பூட்ஸ், உள்ளே பாதத்துக்கு அடியில் கம்பளி விரிப்பு, ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸ். விரலை உள்ளே மடக்கி நீட்ட முடிய வேண்டும், அதுதான் சோதனை. பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும்.

அப்புறம் காலுக்கு அடியில் ஒரு பாய். அக்காவின் யோசனை அது. பழைய யோகா பாய் ஒன்றை எடுத்து, பூட்ஸை அதன் மேல் வைத்து, சுற்றிலும் நான்கு விரல் இடம் விட்டுக் கத்தரியால் இரண்டு துண்டு வெட்டினாள். ஒவ்வொன்றையும் சுருட்டி ஜாக்கெட் பையில் திணித்துக்கொண்டோம். அன்தெர்செல்வாவில் மிதிபட்டு இறுகிய பனியில் அதை விரித்து மேலே நின்றபோது வித்தியாசம் பத்தே நிமிடத்தில் தெரிந்தது. இடைவேளையில் நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன், வேண்டுமென்றே. ஷூவின் அடிப்பாகம் வழியாகக் குளிர் மேலே வருவது தெளிவாகத் தெரிந்தது. திரும்பவும் பாயில் ஏறிக்கொண்டேன். எங்களைப் பார்த்துப் பக்கத்துக் குடும்பம் தண்ணீர்ப் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துக் குழந்தைகளின் காலுக்குக் கீழே போட்டார்கள். அட்டையும் வேலை செய்யும்.

சூட்டுப் பைகள் வாங்கும்போது கைக்கு வேறு, காலுக்கு வேறு என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் இரும்புத்தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்துதான் சூடாகிறது. கைக்கானதை ஷூவுக்குள் போட்டால் காற்றுப் போதாமல் அணைந்துவிடும். காலுக்கானதை சாக்ஸின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள், வெறும் தோலில் ஒட்டினால் கொப்புளம் வரும். கால் உறைந்த பிறகு ஒட்டிப் பிரயோசனமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பிரித்துவிடுங்கள்.

உடம்புக்கு மூன்று அடுக்கு போதும். தோலோடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதன் மேல் ஃபிளீஸ், வெளியே காற்று புகாத ஜாக்கெட். ஒரு விஷயம் மட்டும் சொல்லியாக வேண்டும். பஸ் நிறுத்தத்திலிருந்து அரங்கம் வரை பெரும்பாலும் ஏற்றம். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏறினால் வியர்த்துவிடும், பிறகு அந்த வியர்வை நிற்கும் நேரமெல்லாம் நடுங்க வைக்கும். ஃபிளீஸைப் பையில் வைத்துக்கொண்டு, லேசாகக் குளிரக் குளிர நடந்து போய், இடத்துக்கு வந்து மூச்சு ஆறியதும் போடுங்கள். பாதை வழுக்கும், ஷூவின் மேல் மாட்டும் ரப்பர் வளையத்தில் அடியில் சிறு ஆணிகள் வைத்தது கிடைக்கும், அதை மாட்டிக்கொண்டால் முதியவர்கள்கூட தைரியமாக நடக்கலாம். மது குடித்தால் சூடாக இருப்பது போலத் தோன்றும். உண்மையில் தோலுக்கு அருகே இரத்தம் பாய்ந்து உடம்பு இன்னும் வேகமாகக் குளிர்ந்துவிடும்.

பகல் போட்டிக்குக் கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். புதுப் பனி புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும். அக்காவுக்கு மூக்கின் அடிப்பக்கமும் தாடைக்குக் கீழேயும் தோல் உரிந்தது.

அரங்க வாசலில்

டிக்கெட் போனில் இருக்கும். கடும் குளிரில் போன் பேட்டரி முப்பது நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்துவிடும். உள் பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள். பவர் பேங்க்கும் அங்கேயே இருக்கட்டும். வாசலுக்கு வந்த பிறகு எடுத்தால் போதும். சில செயலிகளில் நுழைவுக் குறியீடு கடைசி நேரத்தில்தான் தெரியும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. ஆகவே இரண்டு பேர் போனால் இரண்டு டிக்கெட்டையும் ஒரே போனில் வைக்காமல் பிரித்து வையுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் சூடான அறைக்குள் நுழையும் முன் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிட வேண்டும். இல்லையென்றால் லென்ஸுக்குள் நீர் கோத்துக்கொள்ளும்.

பெரிய பை, குடை, நீளமான கொடிக்கம்பு பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். மாட்டு மணிக்குப் பனி விளையாட்டுகளில் பெரும்பாலும் அனுமதி உண்டு, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். உள்ளே போனதும் முதல் வேலை, வீரர்கள் புறப்படும் வரிசைப் பட்டியலைப் போனில் சேமித்துக்கொள்வது. அது இல்லாமல் பார்த்தால் ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்ட ஐம்பது பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து போவது போலத்தான் இருக்கும்.

காற்று அடித்தால்

பிப்ரவரி 11 காலை மூன்று மணி நேரத் தூக்கத்தோடு டவுன்ஹில்லுக்குக் கிளம்பியபோதுதான் தெரிந்தது, பலத்த காற்றால் பந்தயம் 15ஆம் தேதிக்குத் தள்ளிப்போய்விட்டது என்று. மறுநாள் நடக்கவிருந்த பெண்கள் ஜயன்ட் ஸ்லாலமும் (கம்பங்களுக்கு இடையே வளைந்து இறங்கும் ஆல்பைன் பந்தயம்) அதே 15ஆம் தேதிக்குப் போனது. நாங்கள் 18 வரை தங்கியிருந்ததால் எங்கள் டிக்கெட் வீணாகவில்லை. அன்று நார்வேயின் அக்செல் லுன்ட் ஸ்விண்டல் தன் 35ஆம் வயதில் தங்கம் வென்றதைப் பார்த்தோம். எங்கள் விடுதியில் இருந்த ஒரு தம்பதி 13ஆம் தேதி விமானத்துக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள். அந்த ஒரு பந்தயத்துக்காகவே வந்தவர்கள் அவர்கள்.

மலைப் போட்டிக்காகப் போகிறீர்கள் என்றால் அந்தப் பந்தயத்தைப் பயணத்தின் தொடக்கத்தில் வையுங்கள், கடைசி நாளில் வேண்டாம். பின்னால் குறைந்தது மூன்று நாள் மிச்சம் இருக்கட்டும். தள்ளிவைத்தால் அதே டிக்கெட் செல்லுமா, பணம் திரும்ப வருமா என்று வாங்கும்போதே விதியைப் படித்துவிடுங்கள்.

ஒலிம்பிக்கின் நெரிசல் வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, உலக சாம்பியன்ஷிப். 2027ல் நோர்டிக் பந்தயங்கள் (கிராஸ் கன்ட்ரி, ஸ்கி ஜம்ப் போன்றவை) ஸ்வீடனின் ஃபாலுனில், பயாத்லான் எஸ்டோனியாவின் ஓடெபேயில். ஒரே ஊர், ஒரே அரங்கம், என் பள்ளத்தாக்குக் கணக்குக்கு அச்சாகப் பொருந்தும். இன்னொன்று, ஒலிம்பிக் முடிந்து சில வாரங்களில் வரும் குளிர்கால பாராலிம்பிக். ஒலிம்பிக்குக்குப் போட்ட அதே அரங்குகளில் பல இதற்கும் பயன்படும், டிக்கெட்டும் எளிதாகக் கிடைக்கும். பார்வையற்றோருக்கான பயாத்லானில் வீரர்கள் காதில் கேட்கும் ஒலியின் மாற்றத்தை வைத்துக் குறி பார்க்கிறார்கள். அவர்கள் சுடும்போது அரங்கம் முழுவதும் மூச்சுவிடாமல் நிற்க வேண்டும்.

கடைசி ஆள் வரும் வரை

பிப்ரவரி 17, ஜொங்சொன் மலை, பெண்கள் சூப்பர் ஜி (டவுன்ஹில்லுக்கும் ஜயன்ட் ஸ்லாலமுக்கும் நடுவிலான ஆல்பைன் பந்தயம்). ஆல்பைன் பந்தயங்களில் முன்னணியில் இருப்பவர்கள் எல்லாம் புறப்படும் வரிசையில் முதல் இருபது எண்களுக்குள் வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கேலரி காலியாகும். அன்றும் ஆஸ்திரியாவின் அன்னா ஃபைத்துக்குத்தான் தங்கம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கைகொடுத்துக்கொண்டு எழுந்தார்கள். பஸ் வரிசையில் முதலில் நிற்கலாம் என்று அக்காவும் பையை எடுத்தாள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

26ஆம் எண். செக் நாட்டின் எஸ்டர் லெடெட்ஸ்கா. ஸ்னோபோர்டு வீராங்கனையாகத்தான் அவரைப் பலருக்கும் தெரியும். முடிவுக்கோட்டைத் தாண்டியதும் பலகையில் பச்சை எழுத்து, விநாடியில் நூறில் ஒரு பங்கு முன்னிலை. யாரும் உடனே கத்தவில்லை. எல்லோரும் பலகையில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார் போல, அசையாமல் நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பையைக் கீழே வைத்தாள். (ஒரு வாரம் கழித்து அவர் ஸ்னோபோர்டிலும் தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் ஸ்கி, ஸ்னோபோர்டு இரண்டிலும் தங்கம் வென்ற முதல் ஆள் அவர்தான்.)

கூட்டம் கலைய முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, சூடாக ஒரு கோப்பை குடித்துவிட்டுத்தான் இறங்கினோம். அப்போதும் பஸ் வரிசை மிச்சம் இருந்தது. எங்களுக்கு முன்னால் நின்றவர் இருபதாவது எண் வீராங்கனை இறங்கியதோடு கிளம்பி வந்தவராம். போனில் செய்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பி, "நீங்கள் மேலேயே இருந்தீர்களா?" என்று கேட்டார். பஸ் வரும் வரை அக்கா அவருக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.